திருப்பி ஓட்டியவன்

"நில்லுங்க! அது என் மான்!"

இடோனி போட்ட சத்தத்தில் பார்லிக் கதிருக்குள் பதுங்கியிருந்த கௌதாரிகள்கூடப் படபடவென்று எழுந்து பறந்தன. குதிரைமேல் வந்தவன் மட்டும் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நேராக அவளுடைய நாய்களுக்கும் மானுக்கும் நடுவே புகுந்தான். இடுப்பில் தொங்கிய கொம்பை எடுத்து நீளமாக ஒருமுறை, குட்டையாக இருமுறை ஊதினான். அவனுடைய மோப்ப நாய் ஒரு பக்கம், அவன் மறுபக்கம்... மூன்று வாரமாகப் பார்லியைத் தின்று கொழுத்திருந்த கலைமான் அவள் கண்ணெதிரே ஓடையைத் தாண்டி, ராஜாவின் பிரெண்டல் காட்டுக்குள் போய் மறைந்தது.

ஓடைக்கரையில் குதிரையை நிறுத்தி, தன் நாயையும் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு, சாவகாசமாகத் திரும்பி வந்தான் அந்த மகாராஜன். அதே நேரம் பார்த்து மழையும் பிடித்துக்கொண்டது.

"யாரு நீங்க? எங்க நிலத்துல உங்களுக்கு என்ன வேலை?"

"வாரின். காட்டுக்குப் புதுசா வந்த காவல்காரன். வழி தப்பி வந்த மானை வீட்டுக்கு அனுப்பறதுதாம்மா என் வேலை."

"வழி தப்பியா! தினம் விடிஞ்சா பந்திக்கு வர்ற மாதிரி வருது. அதுக்கு வழி நல்லாவே தெரியும்!"

அவன் சிரித்துவிட்டான். சாம்பல் நிறக் கண்கள். இமையில் மழைத்துளி ஒன்று விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது... 'சே, இதையெல்லாம் எதுக்குப் பார்க்கிறேன்?' என்று இடோனி தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"ஓடைக்கு இந்தப் பக்கம் வந்த மானை நிலத்துக்காரங்க வேட்டையாடலாம். எங்க தாத்தா காலத்துல ராஜா முத்திரை வச்சுக் கொடுத்த உரிமை. நீங்க எப்படி இங்க வந்து வேட்டையாடலாம்?"

"ஐயோ அம்மணி! அந்தச் சொல்லை மட்டும் சொல்லாதீங்க. யார் காதுலயாவது விழுந்தா என் கொம்பைப் பிடுங்கிடுவாங்க. நான் வேட்டையாடல."

"பின்ன? மானோட கண்ணாமூச்சி ஆடினீங்களா?"

"ரெச்சேஸ்" என்றான் அவன், ஏதோ ஜெபம் சொல்வதுபோல.

காட்டுக்காரர்களின் சொல் அது. வெளியே வந்துவிட்ட காட்டு மிருகத்தை அதன் இடத்துக்கே திருப்பி ஓட்டுவது. வேட்டைக்காரன் ஓடுவதும் மான் பின்னால்தான், இவன் ஓடுவதும் மான் பின்னால்தான். ஆனால் வேட்டைக்காரனுக்கு மான் கையில் கிடைக்க வேண்டும். திருப்பி ஓட்டுகிறவனுக்கு அது கையில் கிடைக்கவே கூடாது. ஒரு துளி ரத்தம் சிந்தினால் அந்தச் சொல் செல்லாது.

"அப்ப எங்க மாட்டை ஓட்டறதையும் அப்படிச் சொல்லலாமா?" என்றாள் வம்புக்கென்றே.

"கூடாது. மாட்டை வெறுமனே ஓட்டலாம். அவ்வளவுதான்."

"முயலை?"

"முயலுக்கு அந்த மரியாதை கிடையாது."

"நாயை?"

"தப்பான தடத்துல ஓடற நாயைக் கொம்பு ஊதிப் பழைய தடத்துக்குத் திருப்பினா சொல்லலாம். சண்டையில, துரத்திட்டு வந்த எதிரியை வந்த வழியே விரட்டினாலும் சொல்வாங்க."

"பொம்பளையை?"

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "அது யாராலயும் முடியாதும்மா. எங்க அம்மாவை வச்சே தெரிஞ்சுக்கிட்டேன்."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள் இடோனி. பிரயோஜனம் இல்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சிரிப்பு கூடவே வந்தது.

நிலத்துக்காரர்கள் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேட்டைக்குப் போகலாம் என்பது சட்டம். அந்த மூன்று நாளையும் இடோனி ஒன்றுவிடாமல் பயன்படுத்தினாள். அதே மூன்று நாள், அதே நேரம், வாரினும் ஓடைப்பக்கம் வந்து சேர்ந்தான். மான் வந்தால் அவள் நாயை அவிழ்ப்பாள், அவன் கொம்பை ஊதுவான், மான் தப்பிவிடும், இருவரும் ஓடைக்கு இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவராக நின்று சண்டை போடுவார்கள். மான் வராவிட்டாலும் சண்டை நடந்தது. நான்காவது நாளை ஏன் கொடுக்காமல் போனான் என்று, சட்டம் போட்ட ராஜாவை மனசுக்குள் திட்டினாள்.

"என்னடி இது, ரெண்டு மாசமா ஒரு மான்கூட வீட்டுக்கு வரல?" என்றார் அப்பா ஆஸ்பர்ட். வைக்கோல் போரிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவர். கணப்பு அடுப்பை விட்டு நகர முடியாது, ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. "நாய்க்கு ரொட்டி போட்டே பார்லி தீர்ந்துடும் போலிருக்கே."

"மான் உஷாராயிடுச்சுப்பா."

"மான் உஷாராகல. காட்டுக்காரப் பயல் எவனோ குறுக்க வர்றான். அவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஒரு மான்குட்டியைக் கொன்றதற்காக அவருடைய தம்பியைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் காட்டுக்காரர்கள். சிறையிலேயே காய்ச்சல் கண்டு செத்துப்போனான். அன்றிலிருந்து காட்டுக்காரன் நடந்த வழியில்கூட ஆஸ்பர்ட் நடந்ததில்லை. இந்த வீட்டில் போய் வாரின் பெயரை எப்படிச் சொல்வது? எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவதா?

ஆனால் வாரின் ஒருநாள் ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே சொல்லிவிட்டான். "நவம்பர்ல மார்ட்டின் திருநாள் கழியட்டும். உங்க அப்பாவை வந்து பார்க்கறேன்."

"எதுக்கு?"

"மானைப் பத்திப் பேசத்தான்" என்றான். காதெல்லாம் சிவந்திருந்தது.

அன்று இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. சந்தோஷம் பாதி, பயம் பாதி.

நவம்பர் முதல் வாரம். தூறலும் பனிமூட்டமுமான காலை. முளைவிட்டிருந்த கோதுமையில் ஒரு பெண்மான் நின்றது. வாரின் வந்தான், ஊதினான், ஓட்டினான். மான் ஓடையைத் தாண்டியது. அவன் கரையில் நாயை நிறுத்தினான். எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

இடோனிதான் முறை தவறினாள். கையிலேயே பிடித்திருக்க வேண்டிய நாய்வாரை ஒரு முள்வேலியில் சுற்றிவிட்டு, பாவாடையைத் தூக்கிக்கொண்டு, கல்மேல் கல்லாகக் கால் வைத்து ஓடையைக் கடந்தாள். முதல் தடவையாக. அவனிடம் சொல்ல வேண்டும், கத்திச் சொல்ல முடியாத விஷயம்.

"வராதீங்க. அப்பா உங்களை வாசல்லயே வெட்டிடுவார்."

"நொண்டிக்கிட்டு வந்தா வெட்டுவார்? நான் நின்னு காத்துக்கிட்டிருப்பேன், போ."

"விளையாடாதீங்க வாரின்..."

"விளையாடல." அவன் அவள் கையைப் பிடித்தான். கொம்பு பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை. "உனக்கு வேண்டாம்னா சொல்லு. இப்பவே போயிடறேன். உங்க அப்பாவுக்கு வேண்டாம்கறதுக்காகப் போகமாட்டேன்."

அவள் வாய் திறப்பதற்குள் வேலி சலசலத்தது. நாய்கள் வாரை அறுத்துக்கொண்டு பாய்ந்துவிட்டன.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நிலத்துக்காரரின் நாய் ஓடையைத் தொடுவதற்கு முன்னால், நாயைத் திரும்பச் சொல்லி ஒரு குரல் கொடுத்துவிட்டால் போதும். அதன்பின் நாய் என்ன செய்தாலும் குற்றம் அவர்கள்மேல் இல்லை. பிரெண்டல் ஓரத்தில் பிறந்த பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த விதி. ஒரே ஒரு குரல்! இடோனியின் தொண்டை வரைக்கும் வந்தது அது. அதே நேரம் புதருக்கு அப்பால் வேறு இரண்டு காவல்காரர்கள் பேசிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. இப்போது கூப்பிட்டால் குரல் காட்டுக்குள்ளிருந்து கேட்கும்... அவனோடு நிற்கிறாள் என்று ஊருக்கே தெரியும்... அப்பாவுக்கும்...

வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

பெண்மான் நூறு அடிகூட ஓடவில்லை. வெள்ளைக்கால் என்ற பெரிய நாய் அதன் தொண்டையைப் பிடித்துவிட்டது. வாரினுடைய நாயும் பாய்ந்து போய் வாயை வைத்தது. அவன் ஓடிப்போய்க் கம்பால் அடித்து, அவளுடைய நாய்கள் இரண்டையும் ஓடையைத் தாண்டி அவள் நிலத்துப் பக்கம் விரட்டினான். பிறகு அவளிடம் திரும்பினான். அப்படி ஒரு முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

"போ! ஓடையைத் தாண்டிப் போ! நிக்காதே, போ!"

நாய்க்குச் சொன்ன அதே குரல். ஆறுதலாக ஒரு வார்த்தை இல்லை. அவள் தண்ணீருக்குள் இறங்கி, நனைந்து, அழுதுகொண்டே ஓடினாள். முதுகுக்குப் பின்னால் காவல்காரர்களின் குரல் கேட்டது.

"என்னடா வாரின்... மான் செத்துக் கிடக்கு, உன் நாய் வாயில ரத்தம்?"

வீட்டில் வெள்ளைக்காலின் வாயைப் பார்த்ததும் அப்பாவுக்கு விளங்கிவிட்டது. "யாராவது பார்த்தாங்களா?"

"இல்லப்பா."

"காட்டு மன்றத்துல விசாரிச்சா, காவல்காரன்தான் வேட்டையாடினான்னு சொல்லிடு. நம்ம நாய்னு தெரிஞ்சா உரிமையும் போகும், நீயும் போவே. உன் சித்தப்பன் போன இடத்துக்கு உன்னையும் அனுப்பச் சொல்றியா?"

"பொய் சொல்லமாட்டேன்ப்பா."

உண்மையாகத்தான் சொன்னாள். மார்ட்டின் திருநாளுக்குக் காட்டு மன்றம் கூடியபோது, இருப்பதை இருந்தபடி சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனாள். நொண்டி அப்பாவுக்குப் பதிலாக, காட்டை ஒட்டிய நிலத்துச் சாட்சியாக அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். ஈரக் கம்பளி நாற்றமடித்த மண்டபத்தில் ஐம்பது பேருக்குக் குறையாமல் கூட்டம்.

"நீ என்ன செய்தாய்?" என்று மன்றத் தலைவர் வாரினைக் கேட்டார்.

"திருப்பி ஓட்டினேன்."

"திருப்பி ஓட்டிய மான் எப்படிச் செத்தது?"

வாரின் பேசவில்லை. கேள்வி மூன்று முறை வந்தது. மூன்று முறையும் பேசவில்லை.

இடோனி அவனையே பார்த்தாள். 'ஒரே ஒரு தடவை... என்னைப் பாரு. எல்லாத்தையும் சொல்லிடறேன்.' அவன் பார்க்கவில்லை. மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான், அவள் அங்கே இருப்பதே தெரியாதவன்போல. அவளுக்குள் ஏதோ கொதித்தது. 'அன்னிக்கு நாயை விரட்டற மாதிரி விரட்டினே. இன்னிக்குப் பார்க்கவும் கேவலமா இருக்கா?'

"இடோனி, ஆஸ்பர்ட் மகளே. அன்று காலை கோதுமை வயலில் நீ கண்டது என்ன? இவன் மானைத் திருப்பி ஓட்டினானா, வேட்டையாடினானா?"

"வேட்டையாடினான்."

சொல்லிவிட்டாள்! எழுத்தரின் இறகுப் பேனா தோல் சுருளில் கீறுகிற சத்தம் கேட்டது. உடனே பதறினாள், வாய் திறந்தாள், ஆனால் அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். வாரினின் இடுப்பிலிருந்து கொம்பை அறுத்து எடுத்தார்கள். வேட்டையாடினான் என்று பதிவான காவல்காரனுக்கு இந்த ராஜ்ஜியத்தில் எந்தக் காட்டிலும் வேலை கிடையாது. அவன் தலைகுனிந்து, மழைக்குள் இறங்கி நடந்தான்.

அடி பைத்தியமே, பின்னாலேயே ஓடியிருக்கலாமே! போய்க் காலைப் பிடித்திருக்கலாமே! ஓடவில்லை. நாளைக்குப் போகலாம், அடுத்த வாரம் ஆள் அனுப்பலாம், அடுத்த மன்றத்தில் சொல்லலாம் என்று நாள் தள்ளினாள். கொட்டின பாலை அள்ள முடியுமா? ஒன்பது வருஷம் ஓடிப்போயிற்று. வரன்கள் வந்தன, போயின. அப்பாவும் போய்ச் சேர்ந்தார். கடைசி வரை அவள் வாயிலிருந்து அவர் அந்தப் பெயரைக் கேட்டதே இல்லை.

ஒரு ஜூன் மாதம், பாலாடைக் கட்டிகளைக் கூடையில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தாள். குறுகலான கல்பாலம். எதிரே மாட்டு மந்தை ஒன்று பாலத்தை அடைத்துக்கொண்டு வந்தது. மழை வேறு.

"கொஞ்சம் ஒதுங்கிக்கோங்கம்மா, கொம்பு பட்டுடப் போவுது."

அந்தக் குரல்! கூடை கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுத்துக் கொடுத்தவனின் காதோரம் நரைத்திருந்தது. கண்கள் மட்டும் அப்படியே இருந்தன.

"இடோனி..."

பாலத்தையொட்டிய சின்னக் கோயிலின் இறவாரத்தில் ஒதுங்கினார்கள். இருவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் விட்டு.

"அப்பா?"

"மூணு வருஷமாச்சு. நீங்க... என்ன பண்றீங்க?"

"பார்க்கறியே. மாட்டை வெறுமனே ஓட்டறேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "கல்யாணம்?"

"ஆச்சு. வடக்க, யார்க் பக்கம். ரெண்டு பொண்ணுங்க. நல்ல மனுஷி அவ." கொஞ்சம் நிறுத்தி, "நீ?" என்றான்.

அவள் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். மாடுகள் ஒவ்வொன்றாகப் பாலம் தாண்டின. இன்னும் இருபது மாடு... பதினைந்து... இப்போது சொல்லாவிட்டால் எப்போது?

"நான் பொய் சொன்னேன் வாரின்."

"தெரியும். நானும் அங்கதானே இருந்தேன்?" கசப்பே இல்லாமல் சொன்னான். "உங்க அப்பா சொல்லச் சொல்லியிருப்பார். எனக்குப் புரிஞ்சுது. அதனால கோபமே வரல."

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும், பழி செத்தவர் தலையோடு போயிருக்கும். ஒன்பது வருஷமாகக் குற்றவுணர்வு தின்ற நெஞ்சு விடவில்லை.

"இல்ல. அப்பா சொன்னார்தான். ஆனா நான் உண்மையைச் சொல்லத்தான் வந்தேன். நீங்க என்னைத் திரும்பியே பார்க்கல. அந்த ஆத்திரத்துல சொன்னேன். வேற காரணமே இல்ல..."

மழை இறவாரத்திலிருந்து கோடு கோடாக விழுந்தது.

"பார்த்திருந்தா அம்பது பேருக்கும் தெரிஞ்சிருக்கும் இடோனி. உன்னைப் பார்த்தா என் மூஞ்சி அன்னிக்கு எப்படி இருக்கும்னு எனக்குத்தானே தெரியும்? ஓடைக்கு எங்க பக்கம் நீ நின்னது தெரிஞ்சா, உன்னை உன் சித்தப்பா போன சிறைக்குத்தான் அனுப்பியிருப்பாங்க. அதான் கூரையைப் பார்த்துக்கிட்டு நின்னேன். பதினோரு உத்திரம். இன்னிக்கும் கண்ணை மூடினா தெரியும்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். தன்னைக் காப்பாற்றத்தான் விரட்டினான், தன்னைக் காப்பாற்றத்தான் பார்க்காமல் இருந்தான். அதற்குப் போய்...

"பொண்ணுங்ககிட்ட... காட்டுல இருந்த கதையெல்லாம் சொல்வீங்களா?"

"சொல்றதில்ல. அவங்க அப்பன் பிறவி மாட்டுக்காரன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. ராஜாவோட மானை வேட்டையாடினவன்னு மன்றத்துல எழுதி வச்சிருக்கே... என்னத்தைச் சொல்றது?"

கடைசி மாடும் தாண்டிவிட்டது. அவன் கம்பை எடுத்தான். "வரேன்" என்றான். அவளை நன்றாக, நிறைய நேரம் பார்த்தான். பிறகு மாடுகளின் பின்னால் நடந்தான்.

அந்த வருஷம் மார்ட்டின் திருநாளன்று மன்றம் கூடியபோது, கூப்பிடாத ஒருத்தி எழுந்து முன்னால் வந்து நின்றாள். தலைவர் புதியவர். எழுத்தர் மட்டும் பழையவர், கண் மங்கிப்போயிருந்தார்.

"ஒன்பது வருஷத்துக்கு முன்னால இங்க பொய்ச் சாட்சி சொன்னேன். அதைத் திருத்தணும்" என்றாள் இடோனி. "வாரின் வேட்டையாடல. திருப்பி ஓட்டினார். மானைக் கொன்னது என் நாய். நான் குரல் கொடுக்கல."

மண்டபம் சலசலத்தது. தலைவர் முன்னால் சாய்ந்தார். "இதற்கு என்ன தண்டனை என்று தெரியுமா, அம்மா? உன் நிலத்தின் வேட்டை உரிமை இன்றோடு போகும். சிறையும் கிடைக்கலாம்."

"தெரியுங்கய்யா."

"குரல் கொடுத்திருந்தால் குற்றமே இல்லையே. ஏன் கொடுக்கவில்லை?"

"ஓடைக்கு அந்தப் பக்கம் நின்னேன். காட்டுக்குள்ள."

"அங்கே உனக்கு என்ன வேலை?"

ஐம்பது ஜோடிக் கண்கள். இடோனி ஒருவரையும் பார்த்துத் தலைகுனியவில்லை.

"அவரைப் பார்க்கத்தான் போனேன். அதுக்கு முந்தின மூணு மாசமும் நான் ஓடைக்குப் போனதே அவரைப் பார்க்கத்தான், மானுக்காக இல்ல. எனக்கு அவர்மேல உயிர். அன்னிக்கு வாயைத் திறந்து அதைச் சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. எழுத்தர் மங்கிய கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பழைய சுருளைத் தேடி எடுத்து விரித்தார். ஒரு சொல்லை அடித்தார். மேலே வேறொரு சொல்லை எழுதினார். பிறகு தயங்கி நிமிர்ந்தார்.

"வாரின் திருப்பி ஓட்டினான், எழுதிட்டேன். மான் உன் நாயால செத்தது, எழுதிட்டேன். கடைசியில ஏதோ சொன்னியேம்மா... அது வழக்குக்குத் தேவையில்ல. விட்டுடட்டுமா?"

"வேண்டாங்கய்யா" என்றாள் இடோனி. "அதையும் எழுதுங்க."